குளத்துக்குப் போகாத துண்டு

எங்கள் ஊரில் ரயிலேறிய எல்லோருக்கும் ரிம்மா சவேல்யெவ்னாவின் குரலைத் தெரியும். பெர்ம் நகரத்தின் இரண்டாம் ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடங்களாக எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்பவர் அவர். முகத்தைத்தான் யாருக்கும் தெரியாது. அந்தக் குரல் ஒரு செப்டம்பர் மாலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "முதுகுவலிக்கு இங்க ஏதோ பயிற்சி குடுக்கறாங்களாமே?" என்று கேட்டபோது, நான் என்னையறியாமல் நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏதோ வண்டியைத் தவறவிட்ட மாதிரி.

முதுகுப் பயிற்சி செவ்வாய்க்கிழமை. அன்று புதன். புதனன்று கம்ப நடனம்.

எங்கள் கூடம் நகரின் மொத்தோவீலிஹா பகுதியில் ஒரு டயர்க்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. தரைக்கும் கூரைக்குமாக ஏழு எஃகுக் கம்பங்கள், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஜன்னலடியில் கொதிக்கிற ரேடியேட்டர்கள். எனக்கு வாசல் மேசையில் வேலை. வருகிறவர்களின் பெயரை எழுதுவேன், பெட்டிச் சாவி கொடுப்பேன், கடைசி வகுப்பு முடிந்ததும் ஸ்பிரிட்டால் கம்பங்களைத் துடைப்பேன். மற்ற நேரங்களில் மேசைக்கு அடியில் ஒரு கவிதைப் புத்தகம் திறந்திருக்கும்.

நான் கிழமையைச் சொல்லி முடிப்பதற்குள் பயிற்சியாளர் அல்சூ கதவிலிருந்து தலையை நீட்டினாள். "வந்ததே வந்துட்டீங்க, மாடி வேற ஏறிட்டீங்க. ஒரு மணி நேரம் இருந்து பாத்துட்டுப் போங்களேன்."

ரிம்மா சவேல்யெவ்னாவுக்கு அப்போது ஐம்பத்தொன்று. தடிமனான கம்பளிக் காலுறையும் மேலே கம்பளிச் சட்டையும் போட்டிருந்தார். அந்தக் கோலத்தில் கம்பத்தை இரண்டு காலாலும் கவ்விப் பிடித்தார். பிடித்த வேகத்தில் சர்ரென்று தரையில் வந்து உட்கார்ந்தார்.

"துணி வழுக்கும், ரிம்மா சவேல்யெவ்னா. இங்க தோல்தான் பிடிக்கும்" என்றாள் அல்சூ.

"எந்தத் தோல்?"

"தொடைலேருந்து பாதம் வரைக்கும்."

"அட அம்மா, அதை என் புருஷனே பகல் வெளிச்சத்துல பாத்ததில்ல."

பெண்கள் சிரித்தார்கள். அவர் திரும்பி வரமாட்டார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வந்துவிட்டார். சந்தையில் வாங்கிய கறுப்பு அரைக்கால் சட்டை, கைப்பந்து ஆடுகிறவர்கள் போடும் முட்டிக்காப்பு, துடைக்க ஒரு நீலத் துண்டு எல்லாம் பையில் இருந்தன. உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வரமட்டும் இருபது நிமிடம் ஆயிற்று. வந்தவர் கண்ணாடியைப் பார்க்காமல் நேராக மூன்றாவது கம்பத்துக்குப் போய் நின்றார். ஜன்னலோரக் கம்பம் அது. ரேடியேட்டர் சூட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்.

வீட்டில், நீச்சல்குளத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

"என் புருஷன் தோல்யாகிட்ட இதைச் சொல்ல முடியுமா, நீயே சொல்லு யேகோருஷ்கா. முப்பது வருஷமா ரயில் எஞ்சின் ஓட்டறவர். கம்பம்னா அவருக்கு சிக்னல் கம்பம்தான். வேற எந்தக் கம்பத்தையாவது நெனச்சுட்டார்னா?"

யாராவது போன் செய்து கேட்டால் அவர் இங்கே இல்லை என்று சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறேன் என்றேன். ஒருவரும் போன் செய்யவில்லை.

முதல் மாதங்களில் அவருடைய தொடையின் உட்பக்கமும் புறங்காலும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தன. எங்கள் கூடத்தில் அதை யாரும் மறைப்பதில்லை. வகுப்புக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து யாருடையது பெரிது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ரிம்மா சவேல்யெவ்னாவும் ஒருநாள் கூச்சத்தோடு பாவாடையைச் சற்றுத் தூக்கிக் காட்டி முதலிடம் பெற்றார். பிறகு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தோல்யா இதைப் பாத்தார். பாத்துட்டுக் கஞ்சி சாப்பிடறியான்னு கேட்டார். தண்ணிக்குள்ள எப்படிடி அடிபட்டுதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. அது என்ன மனுஷன்?" அவருக்கு அதில் நிம்மதியா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது.

பிப்ரவரியில் அவர் முதல்முறையாகக் கூரைவரை ஏறினார். மேலே போய் விரலால் கூரையைத் தொட்டுவிட்டு, இறங்கத் தெரியாமல் அங்கேயே இருந்தார். கீழே ஆறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில் மேலேயிருந்து நிலையத்துக் குரல் வந்தது: "பயணிகளின் கவனத்துக்கு. மூன்றாவது கம்பத்தில் நிற்கும் வண்டி காலவரையின்றித் தாமதமாகப் புறப்படும்." அல்சூ தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து எல்லோரும் அவரைச் சும்மா ரிம்மா என்றே கூப்பிட்டார்கள். நான் மட்டும் தந்தை பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோடையில் தலைகீழாகத் தொங்கக் கற்றார். ஒரு சாணுக்கு மேல் குதிகால் உள்ள பளபளக்கும் செருப்பு ஒன்று வாங்கினார். அதைப் போட்டு நடக்கத் தாழ்வாரச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் மேசைவரை வருவார், திரும்பிப் போவார். ஆகஸ்டில் சுவரை விட்டுவிட்டார். கண்ணாடியையும் பார்க்க ஆரம்பித்தார். முதலில் ஓரக்கண்ணால், பிறகு முடியைச் சரிசெய்கிற சாக்கில், பிறகு சாக்கு இல்லாமல்.

வருடத்துக்கு ஒருமுறை டிசம்பரில், தொழிற்சாலைப் பண்பாட்டு மாளிகையில் எங்கள் கூடத்தின் நிகழ்ச்சி நடக்கும். இரண்டாவது இலையுதிர்காலம் தொடங்கியதும் ரிம்மா சவேல்யெவ்னா அல்சூவிடம் போய், தனக்குத் தனியாட்டம் வேண்டும் என்றார். மூன்று நிமிடம், மேடையில் வேறு யாரும் இல்லாமல்.

"குழுவுல ஆடலாமே?" என்றாள் அல்சூ.

"இருபத்தாறு வருஷமா இந்த ஊர் என்னைக் கேட்டுக்கிட்டிருக்கு அல்சூ. ஒரு மூணு நிமிஷம் பாக்கட்டுமே."

அல்சூ ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்னால் தேர்வு நாள் உண்டு. ஒற்றைக்கால் முட்டிமடிப்பில் கம்பத்தைக் கவ்வி, இரண்டு கையையும் விட்டுத் தலைகீழாக எட்டு எண்ணும்வரை தொங்க வேண்டும். தொங்கினால் தனியாட்டம், இல்லாவிட்டால் குழுவில் பின்வரிசை. "மேடையில மெத்தை கிடையாது" என்றாள். ரிம்மா சவேல்யெவ்னா அப்போது பன்னிரண்டுவரை தொங்குவார். எல்லோரும் அதை வெறும் சம்பிரதாயமாகத்தான் நினைத்தோம்.

அக்டோபர் நடுவில் அவர் வழுக்க ஆரம்பித்தார்.

முதல் நாள் களைப்பு என்றார்கள். இரண்டாம் நாள் வானிலை. மூன்றாம் வாரத்தில் அவரால் ஏறவே முடியவில்லை. கம்பம் அவரைத் தள்ளிவிடுவதுபோல் இருந்தது. இரண்டு எண்ணுவதற்குள் முட்டி நழுவும், மெத்தையில் தொப்பென்று விழுவார், எழுந்து தன் காலைப் பார்ப்பார். யாருடையதோ காலைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ரத்த அழுத்தம். ஹார்மோன். ரேடியேட்டர் போட்டதால் தோல் காய்ந்துவிட்டது. இல்லை, தோல் வியர்க்கிறது. அவர் மருத்துவரிடம் போனார். மருத்துவர் வயதைக் கேட்டுவிட்டு நடைப்பயிற்சி போகச் சொன்னாராம். பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கைக்குப் போடும் வெள்ளைச் சாக்பீஸ் குழம்பை முட்டிக்குப் பின்னால் பூசிப் பார்த்தார். சவர நுரை காய்ந்தால் தோல் நன்றாகப் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, அதையும் தடவிப் பார்த்தார். வோத்காவால் காலைத் துடைத்துக்கொண்டு வந்தபோது உடைமாற்றும் அறை முழுவதும் வாசனை அடித்தது. அப்படியும் வழுக்கியது.

அதைவிட மோசமாக, அவருக்குப் பிறகு அதே கம்பத்தில் ஏறும் ஊல்யாவும் வழுக்கினாள். ஊல்யா பல் மருத்துவக் கல்லூரி மாணவி, வாய் கொஞ்சம் துடுக்கு.

"ரிம்மா, நீங்க கிரீம் போட்டிருக்கீங்க."

"போடலடி."

"அப்ப கம்பம் ஏன் வெண்ணெய் தடவின மாதிரி இருக்கு?"

எங்கள் கூடத்தில் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. கிரீம் பூசி வருகிறவர்களுக்கு அன்று கம்பம் கிடையாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. அடுத்தவர் கழுத்து முறியலாம்.

"ஒரு வருஷத்துக்கு மேலா நான் முகத்துக்குக்கூட எதுவும் பூசறதில்ல. முகம் காஞ்ச ரொட்டி மாதிரி ஆயிடுச்சு, இந்தா, தொட்டுப் பாரு" என்றார் ரிம்மா சவேல்யெவ்னா. குரல் உடைந்தது. அந்தக் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை. ஊல்யா தொட்டுப் பார்க்கவில்லை.

கூடத்தில் ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்னால் தன் துண்டால் கம்பத்தைத் துடைப்பார்கள், பிறகு முட்டி வியர்வையைத் துடைப்பார்கள். ரிம்மா சவேல்யெவ்னா அதை வேறு யாரையும்விட அக்கறையாகச் செய்வார். மேலிருந்து கீழ்வரை மூன்று தடவை. நான் கதவிடுக்கு வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். எவ்வளவு துடைக்கிறாரோ அவ்வளவு வழுக்குகிறதே என்று ஒருநாள் தோன்றியது. முட்டாள்தனமான எண்ணம் என்று விட்டுவிட்டேன்.

தேர்வு சனிக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, பிற்பகலில், உயரமான ஒரு மனிதர் தொப்பியில் பனியோடு மாடி ஏறி வந்தார். கையில் ரிம்மா சவேல்யெவ்னாவின் பை.

"நாளைக்கு வகுப்பு இருக்குல்ல? இதை ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போற வழியில குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். காலைல அவசரத்துல மறந்துடுவா" என்றார்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அவர் எந்தப் பெயரையும் இன்னும் சொல்லவில்லை என்று உறைத்தது.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். கோபம் இல்லை. "தம்பி, அக்டோபர்ல எனக்கு ஓய்வு குடுத்துட்டாங்க. அதுலேருந்து வீட்ல துவைக்கறது நான். நீச்சல்குளத்துக்குப் போற துண்டு எப்பவும் காஞ்சுபோய் வீட்டுக்கு வருது. அதுல சாக்பீஸ் தூள் வேற. பையோட அடியில உங்க அட்டை இருந்துது, விலாசத்தோட. நான் சிக்னல் பாத்து வண்டி ஓட்டினவன்."

 மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன், கலைத்தேன். அவற்றில் நிகழ்ச்சிக்கு வரும் உறவினர் பட்டியலும் இருந்தது. அவர் தலையைச் சாய்த்து அதைப் படித்தார்.

"இந்த நிகழ்ச்சியில அவ ஆடறாளா?"

"தனியா ஆடறாங்களான்னு சனிக்கிழமை தெரியும்."

"என் பேரை எழுதலாமா?"

பேனாவை எடுத்து அடியில் எழுதினார். இருக்கைக்கான கட்டத்தில், கடைசி வரிசை, கதவோரம் என்று எழுதினார். "அவ பாக்கக்கூடாது. அவளுக்குச் சொல்லணும்னு தோணினா அவளே சொல்லுவா. நான் வந்ததைச் சொல்லிடாதே தம்பி. பையையும் எடுத்துட்டுப் போய் வீட்லயே வச்சிடறேன்." போகும்போது கதவருகில் நின்று, ஏதோ ஞாபகம் வந்தவர்போல் கையிலிருந்த பையைச் சற்றுத் திறந்து காட்டினார். "துண்டு நல்லா மெத்துனு இருக்குல்ல? அவ காலெல்லாம் கன்னிப்போயிருக்கு. உறுத்தக்கூடாதுன்னு, அலசறப்ப துணியை மெத்துனு ஆக்கற வாசனைத் தண்ணி ரெண்டு மூடி ஊத்தறேன். ஒரு மூடிதான் ஊத்தணும்னு போட்டிருக்கு."

அவர் போன பிறகு நான் வெகுநேரம் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னிடம் இரண்டு ரகசியங்கள் இருந்தன. ஒன்றை ஒன்றிடமிருந்து காப்பாற்ற வேண்டும். சனிக்கிழமை ரிம்மா சவேல்யெவ்னா தேறாவிட்டால், இந்த மனிதர் கதவோரம் உட்கார்ந்து யாரைப் பார்ப்பார்?

வெள்ளிக்கிழமையும் அவர் விழுந்தார். வகுப்பு முடிந்து நான் கம்பங்களைத் துடைத்தேன். மற்ற ஆறும் ஒரே துடைப்பில் கிறீச்சென்றன. மூன்றாவதை நான்கு முறை துடைக்க வேண்டியிருந்தது. துணியை முகர்ந்து பார்த்தேன். வசந்தத்தில் பூக்கும் லைலாக் பூவின் வாசனை. டிசம்பரில், டயர்க்கடைக்கு மேலே, லைலாக். கழுவிய தலைமுடியைப்போலக் கை வழுவழுத்தது. மெத்தென்று இருப்பதற்காக ஊற்றுவது, துண்டிலிருந்து கம்பத்துக்கும் காலுக்கும் போயிருக்கிறது. அக்கறையாகத் துடைக்கத் துடைக்க இன்னும்.

இதை யாரிடம், எப்படிச் சொல்வது? துண்டைப் பற்றிச் சொன்னால் அதைத் துவைப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதெல்லாம் வேண்டாம், வெறும் துண்டை மட்டும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து, அந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்குப் போகும் டிராமில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அவர் உடைமாற்றிக்கொண்டு என் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நீலத்துண்டு மடியில். அடுத்தது அவர் முறை. ஊல்யா கதவில் சாய்ந்து நின்றாள்.

"பின்வரிசைல நின்னா என் கால் நரம்பாவது யாருக்கும் தெரியாது" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"ரிம்மா சவேல்யெவ்னா" என்றேன். "அந்தத் துண்டால துடைக்காதீங்க. அதுல துணிக்கு ஊத்தற வாசனைத் தண்ணி இருக்கு. அதுதான் வழுக்குது."

அவர் துண்டை முகர்ந்தார். "எங்க வீட்ல எல்லாமே இந்த வாசனைதான். ஒரு துளி வாசனைக்கா இப்படி வழுக்கும்?"

"ஒரு துளி இல்லீங்க, ரெண்டு மூடி."

கூடத்துக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்தார்.

"ரெண்டு மூடின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் பட்டியலைப் பார்த்தேன். அதைப் பார்த்திருக்கக் கூடாது. அவர் எழுந்து, அந்தக் குதிகால் செருப்போடு, சுவரைப் பிடிக்காமல் வந்தார். கடைசி வரியைப் படித்தார். மறுபடி படித்தார்.

"எப்ப வந்தார்?"

"வியாழக்கிழமை."

"என்ன சொன்னார்?"

"துண்டு காஞ்சே வருதுன்னு சொன்னார்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. "எத்தனை நாளாத் தெரியும் அவருக்கு? நான் தலையைக்கூட நனைச்சுக்கிட்டுப் போயிருக்கேன் யேகோருஷ்கா! மைனஸ் இருபதுல! இங்க குழாயில நனைச்சுக்கிட்டு..."

"அடுத்தது!" என்று அல்சூ உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

அவர் அசையவில்லை. ஊல்யாதான் தன் துண்டை அவர் மேல் எறிந்தாள். சாம்பல் நிறத்தில் முரட்டுத் துண்டு. "இதை எடுத்துக்கோங்க. இதுல ஒரு வாசனையும் வராது, எங்க வீட்ல துவைக்கறதே எப்பவாவதுதான். முதல்ல காலை சோப்புப் போட்டுக் கழுவுங்க. சீக்கிரம்!" பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு நான் சொன்னது..." என்று தொடங்கி, மேலே சொல்லாமல் விட்டாள். நான் ஸ்பிரிட் பாட்டிலோடு மூன்றாவது கம்பத்துக்கு ஓடினேன்.

நான் கதவிடுக்கில் நின்றேன். அவர் முதல் பிடியிலேயே சற்றுத் திகைத்தார், கம்பம் அவரைத் திரும்பப் பிடித்துக்கொண்டதைப்போல. ஏறினார். கவிழ்ந்தார். முட்டிமடிப்பு கம்பத்தில் பூட்டிக்கொண்டது. ஒரு கையை விட்டார். இன்னொன்றையும்.

அல்சூ எண்ண ஆரம்பித்தாள். ஐந்தில் அவள் குரல் நின்றுவிட்டது, அவர் காலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகீழாக, ரத்தம் ஏறிய முகத்தோடு, நிலையத்துக் குரல் தொடர்ந்தது: "ஆறாவது நடைமேடை. ஏழாவது நடைமேடை." எட்டுக்கு முன்னால் கால் நடுங்கியது. ஊல்யா என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், தன் கை என்று நினைத்திருப்பாள். "எட்டாவது நடைமேடை இந்த நிலையத்துல இல்ல, ஆனாலும் சொல்றேன்."

"தனியாட்டம். இறங்குங்க, தலை வெடிச்சிடும்" என்றாள் அல்சூ.

இறங்கியவர் யாரிடமும் பேசாமல் வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, போனை எடுத்தார்.

"தோல்யா. நான்தான்... ம், நீச்சல்குளத்துலதான்... இல்ல, ஒண்ணும் ஆகல. கேளு, இந்தக் குளத்துத் துண்டுக்கு அந்த வாசனைத் தண்ணி ஊத்தாதே... ஒரு மூடியும் வேணாம்... உறுத்தட்டும், உறுத்தணும்... ஆமா. சரி. சூப்பை மூடி வை."

போனை மடியில் வைத்தார். "சரின்னுட்டார். ஏன்னு கேக்கல" என்றார். "ஏன் கேக்கல?"

 இருவருக்கும் எல்லாம் தெரிந்தபின் குளம் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

அவர் என் மேசையிலிருந்து பேனாவை எடுத்தார். பட்டியலில் கணவரின் பெயருக்கு எதிரே கடைசி வரிசை, கதவோரம் என்றிருந்ததை அடித்தார். சற்று யோசித்து, முதல் வரிசை, நடு என்று எழுதினார்.  அது கணவருக்குக் கொடுக்கும் பரிசா தண்டனையா என்று அவர் முகத்திலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை.

"இதை அவர்கிட்டச் சொல்லாதே" என்றார்.

திங்கட்கிழமை நீலத்துண்டு அட்டைபோல விறைத்து வந்தது. பெஞ்சின் மேல் வைத்தபோது மடிப்புக் கலையாமல் தானாகவே நின்றது.